வேர்ட் கோப்பு ஏன் இப்படி ஊதிப்போகிறது?

எழுத்து மட்டுமே உள்ள 30 பக்க வேர்ட் கோப்பு ஒன்றைச் சேமித்துப் பாருங்கள். 100 கேபியைச் சுற்றித்தான் நிற்கும். அதே கோப்பில் கைப்பேசியில் எடுத்த 30 படங்களைச் செருகினால் 100 எம்பியைத் தாண்டிவிடலாம். கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு. அதன்பிறகு கோப்பு திறக்க நேரமாகும், பக்கத்தை உருட்டினால் திக்கித் திக்கி நகரும், மின்னஞ்சலில் போட்டால் திரும்பி வரும்.

சிங்கப்பூரில் இந்தத் தொல்லையை அதிகம் அனுபவிப்பவர்கள் கட்டுமான சைட்டில் அறிக்கை எழுதுபவர்கள். வாராந்திரப் பணி அறிக்கை, பாதுகாப்புச் சோதனை அறிக்கை, டிஃபெக்ட் பட்டியல் என்று எதை எடுத்தாலும் ‘சரிசெய்வதற்கு முன்’, ‘சரிசெய்த பின்’ என்று இரண்டிரண்டு படம் கேட்பார்கள். அவர்களுக்கு அடுத்து, ஏப்ரலில் தமிழ்மொழி விழா நிகழ்ச்சி ஒன்றை நடத்திவிட்டு அறிக்கை எழுத உட்காரும் அமைப்புச் செயலாளர்கள், கோயில் விழா மலர் தொகுப்பவர்கள், வாடகை வீட்டை ஒப்படைக்கும் நாளில் சுவர்க் கீறலைக்கூட விடாமல் படமெடுத்து வைப்பவர்கள். எல்லோரும் செய்வது ஒன்றையே: படத்தைச் செருகி, மூலையைப் பிடித்து இழுத்துச் சின்னதாக்கி, ‘படம் சின்னதாகிவிட்டது, கோப்பும் சின்னதாகிவிடும்’ என்று நம்புவது.

அப்படி ஆகாது. பக்கத்தில் படம் எவ்வளவு பெரியதாகத் தெரிகிறது என்பது ஒரு கணக்கு. கோப்புக்குள் எவ்வளவு படம் கிடக்கிறது என்பது வேறு கணக்கு. மூலையை இழுக்கும்போது முதல் கணக்கு மட்டும்தான் மாறுகிறது. இது ஒன்று பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

கொஞ்சம் எண்களோடு பார்க்கலாம். 12 மெகாபிக்சல் கேமரா எடுக்கும் படம் பொதுவாக 4032 புள்ளி அகலம், 3024 புள்ளி உயரம். இந்தப் புள்ளிகளைத்தான் பிக்சல் என்கிறோம். பெருக்கினால் ஒரு கோடியே 21 லட்சத்துக்கு மேல். இதை ஜேபெக் முறையில் சுருக்கி 3 முதல் 5 எம்பிக்குள் கைப்பேசி அடக்கி வைத்திருக்கிறது.

இப்போது ஏ4 தாள். அகலம் 21 செ.மீ. இரு பக்கமும் 2.54 செ.மீ. ஓரம் விட்டால் எழுத்துக்கு மிஞ்சுவது சுமார் 16 செ.மீ., அதாவது ஆறேகால் அங்குலம். ஒரு வரிசைக்கு இரண்டு படம் என்று வைத்தால் ஒரு படத்துக்கு 8 செ.மீ. அதற்குள் 4032 பிக்சலையும் திணித்தால் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 1280 பிக்சல் வருகிறது. நல்ல அச்சுக்கே அங்குலத்துக்கு 300 போதும். மிச்சமெல்லாம் யார் கண்ணுக்கும் தெரியாமல் கோப்பில் எடையாக உட்கார்ந்திருக்கிறது.

அங்குலத்துக்கு 220 பிக்சல் என்று குறைத்தால் அதே 8 செ.மீ. படத்துக்கு 693 பிக்சல் அகலம், 520 உயரம் போதும். மொத்தம் மூன்றரை லட்சத்துச் சொச்சம். முதலில் இருந்ததில் 34-ல் ஒரு பங்கு! அகலத்தில் ஆறில் ஒரு பங்குக்குத்தான் வந்தோம், ஆனால் உயரமும் சேர்ந்து குறைவதால் மொத்தம் இப்படிச் சரிகிறது. சேமிப்பு எங்கிருந்து வருகிறது என்றால் இந்தப் பெருக்கலிலிருந்துதான்.

குறைப்பதற்கு வேர்டிலேயே வழி இருக்கிறது. ஏதாவது ஒரு படத்தைச் சொடுக்கினால் மேலே ‘பிக்சர் ஃபார்மட்’ என்ற பகுதி தோன்றும். அதில் ‘கம்ப்ரஸ் பிக்சர்ஸ்’. அதை அழுத்தினால் வரும் சின்னப் பெட்டியில் முதல் வரி, இந்தப் படத்துக்கு மட்டும் செய்யவா என்று கேட்கும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள், அப்போதுதான் எல்லாப் படத்துக்கும் நடக்கும். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். ஒரே படத்தைக் குறைத்துவிட்டு, ‘கம்ப்ரஸ் செய்தும் ஒன்றும் ஆகவில்லையே’ என்பார்கள். இரண்டாவது வரி, கிராப் செய்த, அதாவது ஓரம் வெட்டிய, பகுதிகளை நீக்கவா என்பது. அதில் டிக் இருக்கட்டும். அதற்குக் கீழே தரம், அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற கணக்கில்: 330, 220, 150, 96. ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்து, கோப்பைச் சேமித்தால் முடிந்தது. சேமித்த பிறகு பழைய பிக்சல்கள் திரும்பி வராது. அதனால் முதலில் ‘சேவ் ஆஸ்’ கொடுத்து வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு அதில் செய்வது நல்லது.

எந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது? அச்சடித்துக் கொடுக்கும் அறிக்கை என்றால் 220. திரையில் மட்டும் படிப்பார்கள் என்றால் 150. 96 என்பது மின்னஞ்சலுக்கு என்று போட்டிருப்பார்கள், நான் அதைத் தொடுவதில்லை. படிப்பவர் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தாலே கட்டம் கட்டமாக உடைந்து தெரியும்.

சைட் அறிக்கைக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. கான்கிரீட் சுவரில் 0.5 மி.மீ. விரிசல் இருக்கிறது, ஒரு மீட்டர் அகலச் சுவர் முழுதும் தெரியும்படி படமெடுக்கிறீர்கள் என்று வையுங்கள். 4032 பிக்சலில் ஒரு பிக்சல் கால் மி.மீ. சுவரைக் காட்டும். விரிசலுக்கு இரண்டு பிக்சல் கிடைக்கும், மங்கலாகவாவது தெரியும். 693 பிக்சலுக்குக் குறைத்ததும் ஒரு பிக்சல் கிட்டத்தட்ட ஒன்றரை மி.மீ. ஆகிவிடுகிறது. விரிசல் பெரும்பாலும் காணாமல் போய்விடும். இதற்கு வழி தரத்தைக் கூட்டுவதல்ல, கிட்டப் போய்ப் படமெடுப்பது. 20 செ.மீ. அகலம் மட்டும் சட்டகத்தில் விழும்படி, பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் வைத்து எடுத்தால், அதே 693 பிக்சலில் ஒரு பிக்சல் 0.3 மி.மீ.க்கும் குறைவு. எங்கே இருக்கிறது என்று காட்ட ஒரு தூரப் படம், என்ன ஆகியிருக்கிறது என்று காட்ட ஒரு கிட்டப் படம். இரண்டும் சேர்ந்தும் கோப்பில் அரை எம்பி வராது. மூலப் படங்களை மட்டும் தனி ஃபோல்டரில் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மெயின்கானோடு, அதாவது முதன்மைக் குத்தகையாளரோடு, வாக்குவாதம் வந்தால் அவைதான் கைகொடுக்கும்.

‘என் கணினியில் நான் ஒன்றுமே செய்யவில்லை, கோப்பு தானாகச் சின்னதாகத்தான் இருக்கிறது’ என்று சிலர் சொல்வதுண்டு. அதுவும் உண்மைதான். விண்டோஸ் வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போனால் படத்தின் அளவும் தரமும் பற்றி ஒரு பகுதி உண்டு. அங்கே இயல்பான தரம் 220 என்றிருந்தால், சேமிக்கும்போது வேர்ட் தானாகவே அந்த அளவுக்குக் குறைத்துவிடும். ‘ஹை ஃபிடெலிட்டி’ என்றிருந்தாலோ, படங்களைச் சுருக்காதே என்ற வரியில் டிக் விழுந்திருந்தாலோ, வந்த படம் வந்தபடியே இருக்கும். இரண்டு பேர் ஒரே படங்களை வைத்து அறிக்கை செய்து ஒருவருடையது 5 எம்பி, மற்றவருடையது 90 எம்பி என்று வருவதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம். அதே இடத்தில் ‘டிஸ்கார்ட் எடிட்டிங் டேட்டா’ என்று ஒன்று இருக்கும். படத்தில் செய்த மாற்றங்களை ரத்து செய்து பழைய நிலைக்குத் திரும்பவேண்டி வரலாம் என்று வேர்ட் சேர்த்து வைக்கும் தகவல் அது. அறிக்கை முடிந்துவிட்டதென்றால் அது தேவையில்லை.

கிராப் செய்தால் போய்விடுமா?

போகாது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில் கோப்பின் எடையைவிடப் பெரிய விஷயம் ஒன்று ஒளிந்திருக்கிறது.

வேர்டுக்குள் கிராப் செய்வது, விருந்தாளி வருமுன் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் உள்ள பாம் ஷெல்டர் என்ற காப்பறைக்குள் சாமானையெல்லாம் தள்ளிக் கதவைச் சாத்துவது போலத்தான். கூடம் சுத்தமாகத் தெரியும், சாமான் வீட்டைவிட்டுப் போகவில்லை. கோப்பைப் பெறுபவர் படத்தைச் சொடுக்கி, கிராப் கருவியை அழுத்தி, ஓரத்தை வெளியே இழுத்தால் நீங்கள் வெட்டிய பகுதி அப்படியே திரும்பி வரும்.

இப்போது அந்தப் படம் ஒரு ஊழியரின் வேலை அனுமதி அட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிச் சான்றிதழுக்கு ஆதாரமாக, முகமும் பெயரும் மட்டும் தெரியும்படி கிராப் செய்து அறிக்கையில் ஒட்டியிருக்கிறார்கள். எண் தெரியவில்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கோப்போ பத்துப் பேருக்குப் போகிறது. சிங்கப்பூரில் 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கோரினாலொழிய, அல்லது ஆளை மிகத் துல்லியமாக உறுதிப்படுத்தியே ஆகவேண்டிய நிலை இருந்தாலொழிய, அடையாள அட்டை எண்ணை நிறுவனங்கள் சேகரிக்கவோ வெளியிடவோ கூடாது என்பது தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டி. வெளிநாட்டு ஊழியர்களின் எஃப்ஐஎன் என்ற அடையாள எண்ணுக்கும் வேலை அனுமதி எண்ணுக்கும் அதே கவனம்தான். கிராப் செய்தது மறைத்தது ஆகாது. எண்ணின் மேல் ஒரு கறுப்புக் கட்டத்தை வரைந்து வைப்பதும் அப்படியே, கட்டத்தை நகர்த்தினால் எண் கீழே பத்திரமாக இருக்கும்.

சரியான வழி, படம் வேர்டுக்குள் வருவதற்கு முன்பே மறைப்பது. கைப்பேசியிலேயே முழுக் கறுப்பில் மூடுங்கள். ஹைலைட்டர் வேண்டாம், அது பாதி ஒளி ஊடுருவும். வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் உள்ளது தெரிந்துவிடும். மூடியபின் அந்தத் திரையை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதைச் செருகுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் திரையில் தெரிந்தது மட்டும்தான் இருக்கும். ஏற்கெனவே செருகியாகிவிட்டதென்றால், மேலே சொன்ன கம்ப்ரஸ் பெட்டியில் கிராப் பகுதியை நீக்கும் டிக்கைப் போட்டுச் சேமியுங்கள். கறுப்புக் கட்டத்துக்கு அந்த டிக் உதவாது, படத்தையே மாற்றவேண்டும்.

கோப்பைப் பிரித்துப் பார்ப்பது

இது பலருக்குத் தெரியாத, ஆனால் மிகவும் உபயோகமான வித்தை. 2007 வேர்டிலிருந்து வந்த டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம், அதாவது பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டியது. கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள டாக்எக்ஸை அழித்து ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். பெயரின் வால்பகுதி தெரியவில்லை என்றால் விண்டோஸ் எக்ஸ்புளோரரின் ‘வியூ’ மெனுவில் அதைக் காட்டச் சொல்லலாம். உள்ளே ‘வேர்ட்’ என்ற ஃபோல்டர், அதற்குள் ‘மீடியா’. உங்கள் படங்களெல்லாம் அங்கேதான் வரிசையாக இருக்கும். அளவின்படி அடுக்கினால் குற்றவாளி முதல் வரியிலேயே நிற்பார். பெரும்பாலும் எல்லாப் படமும் பெரிதாக இருக்காது, நாலைந்து மட்டும் 8 எம்பி, 12 எம்பி என்று நிற்கும். அந்த நாலைந்தைக் கவனித்தாலே வேலை முடிந்துவிடும்.

கோப்பை மறுபடி ஜிப் செய்து அனுப்பினால் ஏன் குறைவதில்லை என்பதற்கும் பதில் இங்கேயே இருக்கிறது. அது ஏற்கெனவே ஜிப், உள்ளே இருக்கும் ஜேபெக் படங்களும் ஏற்கெனவே பிழிந்தவை. பிழிந்த தேங்காய்த் துருவலில் இன்னொரு முறை பால் வராது.

அந்த 12 எம்பிக்காரர்கள் யார் என்று பார்த்தால், பெயரின் கடைசியில் பெரும்பாலும் பிஎன்ஜி என்றிருக்கும். ஜேபெக்கும் பிஎன்ஜியும் வேலை செய்யும் விதம் வேறு. கண்ணுக்குப் பிடிபடாத நுணுக்கங்களை விட்டுவிட்டுச் சேமிப்பது ஜேபெக். ஒரு பிக்சலைக்கூட மாற்றாமல் சேமிப்பது பிஎன்ஜி. எம்ஆர்டி ரயில் வரைபடம், எக்செல் அட்டவணையின் ஸ்கிரீன்ஷாட், கட்டட வரைபடம் போன்று ஒரே நிறம் பரந்து கிடக்கும் படத்துக்கு பிஎன்ஜி அருமை. சின்னதாகவும் இருக்கும், எழுத்தின் விளிம்பும் கூர்மையாக இருக்கும். அதையே ஜேபெக்கில் போட்டால் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் தெரியும். புகைப்படத்தை பிஎன்ஜியில் வைத்தால் நேர்மாறு. இலை, மணல், கூட்டம், நிழல் என்று ஒவ்வொரு பிக்சலும் வேறு நிறம், எதையும் விடாமல் எழுதிவைத்தால் ஜேபெக்கைவிடப் பல மடங்கு ஆகும்.

புகைப்படம் ஏன் பிஎன்ஜி ஆகிறது? ஒட்டுவதால். வாட்ஸ்அப் வெப்பிலோ உலாவியிலோ படத்தைக் காப்பி செய்து வேர்டில் பேஸ்ட் செய்தால், படக் கோப்பு அப்படியே வருவதில்லை. திரைக்காக விரித்து வைத்த பிக்சல்கள் வருகின்றன, வேர்ட் அதை பிஎன்ஜியாக வைத்துக்கொள்ளக்கூடும். ஆகவே படத்தை முதலில் கணினியில் சேமித்துவிட்டு, ‘இன்செர்ட்’, ‘பிக்சர்ஸ்’ வழியாகச் செருகுங்கள். ஒட்டித்தான் ஆகவேண்டும் என்றால் ‘பேஸ்ட் ஸ்பெஷல்’ போய் ஜேபெக் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம்.

படங்களைக் குறைத்தும் கோப்பு கனமாகவே இருந்தால் வேறு சில இடங்கள் உண்டு. எக்செல் வரைபடத்தைக் காப்பி செய்து ஒட்டும்போது, ஒட்டிய விதத்தைப் பொறுத்து, முழு எக்செல் கோப்பும் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். சம்பளப் பட்டியலிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து ஒட்டியவர் இதைக் கேட்டால் வியர்த்துவிடும். படமாக மட்டும் ஒட்டினால் தொல்லை இல்லை. எழுத்துருவைக் கோப்போடு சேர்த்து வைக்கும் வசதி இன்னொன்று. தமிழில் இதைப் பலர் போட்டுவைப்பார்கள், எழுத்து உடையக்கூடாதே என்று. யுனிகோடு எழுத்துருவில் எழுதினால் பெரும்பாலும் அவசியமில்லை. வேண்டுமென்றால், பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் சேர் என்ற வரியில் டிக் போடுங்கள். திருத்தங்களைக் குறித்து வைக்கும் ‘டிராக் சேஞ்சஸ்’ ஓடிக்கொண்டிருக்கும்போது அழித்த படம், மாற்றத்தை ஏற்கும்வரை கோப்பிலேயே இருக்கும். பழைய டாக் வடிவக் கோப்பு என்றால், டாக்எக்ஸாக ஒருமுறை சேமித்தாலே நன்றாகக் குறைவதுண்டு.

செருகுமுன் குறைப்பதே மேல்

30 படத்தை வேர்டுக்குள் திணித்துவிட்டு, அது மூச்சு வாங்க மூச்சு வாங்கக் குறைப்பதைவிட, முன்பே குறைத்துக்கொண்டு வருவது சுலபம். மேக்கில் ‘பிரிவியூ’வில் எல்லாப் படத்தையும் ஒன்றாகத் திறந்து, அளவு மாற்றும் கட்டளை ஒன்றில் முடித்துவிடலாம். விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் இலவச ‘பவர்டாய்ஸ்’ போட்டால், படங்களைத் தேர்ந்தெடுத்து வலது சொடுக்கில் அளவு மாற்றும் வசதி வரும். பக்க அகலம் முழுதும் வரும் படத்துக்கு 1400 பிக்சல், பாதி அகலத்துக்கு 700. இந்த இரண்டு எண்ணையும் நினைவில் வைத்தால் போதும்.

சைட்டில் பலர் தெரியாமலே இன்னொரு வழியில் இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது தானாகவே நன்றாகச் சுருக்கிவிடும். குழுவில் போட்ட படத்தை இறக்கி அறிக்கையில் போட்டால் கோப்பு ஊதாது. அவசரத்துக்கு நல்ல வழிதான். ஆனால் படம் எடுத்த நேரம், கேமரா விவரம் எல்லாம் அதோடு போய்விடும். ஆதாரமாக வேண்டிய படங்களை ‘டாக்குமென்ட்’ என்று அனுப்புங்கள், அது உள்ளது உள்ளபடி போகும்.

மின்னஞ்சலைப் பொறுத்தவரை ஜிமெயிலின் வரம்பு 25 எம்பி. இணைப்புகள் அனுப்புவதற்காக எழுத்தாக மாற்றப்படும்போது மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும் என்பதால், 18 எம்பியைத் தாண்டினாலே சந்தேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுவலக அஞ்சல்கள் பலவற்றில் வரம்பு இதைவிடக் குறைவு. பெறுபவர் திருத்தப்போவதில்லை என்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். விண்டோஸ் வேர்டில் பிடிஎஃப் சேமிக்கும்போது ‘மினிமம் சைஸ்’ என்ற தேர்வு இருக்கிறது. கூகல் டிரைவ், ஒன்டிரைவ் சுட்டியும் அனுப்பலாம், சில நிறுவனங்கள் வெளிச் சுட்டியைத் தடுத்து வைத்திருக்கும் என்பதுதான் சிக்கல்.

லிப்ரெஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கும் படத்தின்மேல் வலது சொடுக்கில் ‘கம்ப்ரஸ்’ உண்டு. உலாவியில் திறக்கும் இலவச வேர்டில் இதை எதிர்பார்க்காதீர்கள், கணினியில் நிறுவிய வேர்டில்தான் செய்யவேண்டும்.

இத்தனையும் அறிக்கைக்கு. விழா மலர் அச்சகத்துக்குப் போகிறதென்றால் கதை வேறு. அங்கே அங்குலத்துக்கு 300 பிக்சல் கேட்பார்கள், 150-க்குக் குறைத்த படம் ஆர்ட் பேப்பரில் மங்கிப் பல்லிளிக்கும். மலர்க் குழுவினர் பிழைதிருத்தம் பார்க்கச் சுற்றுக்கு விடும் வேர்ட் கோப்பில் சின்னப் படங்களை வையுங்கள். மூலப் படங்களை ‘பக்கம் 14 படம் 2’ என்று பெயரிட்டுத் தனி ஃபோல்டரில் போட்டு அச்சகத்துக்குக் கொடுங்கள். பக்கம் அமைப்பவர் வேர்டிலிருந்து படத்தைப் பிடுங்கி எடுக்க விரும்புவதில்லை, அந்த ஃபோல்டரைத்தான் முதலில் கேட்பார்.